எழுபத்தேழாவது நிமிடமும் முப்பது பவுண்டும்

அவையோருக்கு வணக்கம். இங்கிலாந்துக் கால்பந்தில் டிக்கெட் விலைப் போராட்டம் என்றால் 2016 பிப்ரவரி 6-ஐத்தான் முதலில் சொல்வார்கள். தன் சொந்த அரங்கமான ஆன்ஃபீல்டில் சண்டர்லாந்துக்கு எதிராக லிவர்பூல் 2-0 என முன்னிலை. 77-வது நிமிடத்தில் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். விரிவாக்கம் நடந்துகொண்டிருந்த மெயின் ஸ்டாண்டில் உச்ச விலை 77 பவுண்ட் என்று கிளப் அறிவித்திருந்தது. அதற்குத்தான் அந்த நிமிடம். ஆட்டம் 2-2 என்று முடிந்தது தனிக்கதை. நான்கே நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, உச்ச விலையைப் பழைய 59 பவுண்டிலேயே நிறுத்தினார்கள்.

ஏன் பலித்தது? அதற்கு முந்தைய ஆண்டுதான் பிரீமியர் லீக் தன் மூன்று பருவ உள்நாட்டு ஒளிபரப்பு உரிமையை 513 கோடி பவுண்டுக்கு விற்றிருந்தது. நிரம்பி வழியும் அரங்கமும் அந்தச் சரக்கில் சேர்த்தி. ரசிகர் வீட்டிலேயே இருந்துவிட்டால் கிளப்புக்குக் கவலையில்லை, சீசன் டிக்கெட் பணம் முன்பே வந்துவிட்டது. உள்ளே வந்து, எல்லோரும் ஒரே நிமிடத்தில் கிளம்பினால் நேரலையில் காரணத்தோடு தெரியும்.

அதே ஆண்டு வெளியூர் ரசிகர்களுக்கு 30 பவுண்ட் உச்சவரம்பு வந்தது. நல்ல வெற்றிதான். ஆனால் ஓர் ஆட்டத்தில் அவர்களுக்கு ஒதுக்குவது அதிகபட்சம் மூவாயிரம் இடம் போல. கிளப்புகள் மலிவாகத் தப்பித்தன என்பேன். உள்ளூர் ரசிகருக்கு எந்த வரம்பும் இல்லை.

அதனால் விலைப்பட்டியலில் உச்ச விலையை விட்டுவிட்டு, சிறுவர், முதியோர் வரிசையைப் பாருங்கள். 2024 இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட், பருவத்தின் நடுவில், உறுப்பினர்களுக்கு மீதமிருந்த டிக்கெட்டுகளை எல்லாம் 66 பவுண்ட் ஆக்கியது, சலுகை கிடையாது. அதற்கு முன் பெரியவருக்கு 40, சிறுவருக்கு 25 முதல் இருந்தது. இரண்டு பிள்ளைகளோடு வரும் தகப்பனுக்கு 90 பவுண்ட் செலவு 198 ஆகிறது. இன்னொரு தந்திரமும் உண்டு: விலையைத் தொடாமல், கூடுதல் ஆட்டங்களை ‘ஏ’ வகைக்கு, அதாவது விலை அதிகமான பெரிய ஆட்டங்களின் பட்டியலுக்கு, மாற்றிவிடுவது.

நின்று பார்க்கும் இடம் வந்தால் விலை குறையும் என்று சிலர் நம்பினார்கள். 1989-ல் ஹில்ஸ்பரோ அரங்கில் ரசிகர்கள் நெரிசலில் இறந்த துயரத்துக்குப் பின், அதை விசாரித்த டெய்லரின் அறிக்கைப்படி மேல்மட்டக் கிளப்புகளின் அரங்கங்கள் முழுக்க நாற்காலிமயமாயின. உட்காரச் சொன்ன இடத்தில் ரசிகர்கள் நின்றுகொண்டே பார்த்தார்கள். அங்கே முன்வரிசை நாற்காலியின் முதுகு முழங்கால் உயரம்தான். கோல் விழுந்து துள்ளும்போது ஒருவர் தடுக்கினால் அடுத்தடுத்த வரிசையும் சரியும். 2022 ஜனவரியில் அனுமதித்த முறையில் ஒவ்வொரு வரிசைக்கும் இடுப்பளவு இரும்புக் கம்பி உண்டு. சரிவு அங்கேயே நிற்கும். ஆனால் ஒரு நாற்காலிக்கு ஓர் ஆள் என்பதே விதி. ஆள் எண்ணிக்கை கூடவில்லை, ஆகவே விலை இறங்கக் காரணமும் இல்லை. பழைய நிற்கும் மேடைகளில் அதே பரப்பில் அதிகம் பேர் நின்றார்கள், அதனால் மலிவு.

2025 கால்பந்து ஆளுகைச் சட்டம் தனி ஒழுங்காற்றுநரை அமைத்திருக்கிறது. விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. ரசிகர்களைக் கலந்துபேசக் கிளப்புகளைப் பணிக்கலாம். அந்தக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் மூன்று விவரங்களை எழுத்தில் கேட்க வேண்டும்: எத்தனை சலுகை இடங்கள், அவை அரங்கின் எந்தப் பகுதியில், எத்தனை ‘ஏ’ வகை ஆட்டங்கள். சென்ற பருவத்தின் விவரங்களையும் பக்கத்திலேயே போட்டுத் தரச் சொல்லுங்கள்.