உறைபனி பார்க்க ஊட்டிக்கு: அம்மா, பாப்பா, தம்பி, நான்

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் குடும்பத்தோடு ஊட்டிக்குக் காரில் போய் வந்தோம். உறைபனி பார்க்க வேண்டும் என்பது அம்மாவுடைய ரொம்ப நாள் ஆசை. ஜனவரியில் ஊட்டிக்குப் போகிற நிறைய பேர் மதியம் போய்ச் சேர்ந்து, படகு இல்லம், பூங்கா எல்லாம் சுற்றிவிட்டு அன்றைக்கே இறங்கிவிடுகிறார்கள். அப்படிப் போனால் உறைபனி கண்ணிலேயே படாது. விடியலில் இருக்கும், வெயில் ஏறினால் போய்விடும். ராத்திரி மேலே தங்கித்தான் ஆக வேண்டும்.

ஈரோட்டிலிருந்து அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம். அதுவரை சாதாரண ரோடுதான். கிளம்புவதற்கு முன்பே இ-பாஸ் எடுத்துவிடுங்கள். உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து வெளிமாவட்ட வண்டிகளுக்கு அது கட்டாயம். தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை இருக்கிறது, சோதனைச்சாவடியிலேயே பார்ப்பார்கள்.

கல்லாறு தாண்டியதும் பாக்குத்தோப்புகள் முடிந்து மலை ஏற ஆரம்பிக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு சுமார் 50 கிலோமீட்டர்தான். அதற்குள் கிட்டத்தட்ட 1900 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறோம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி குறையும் என்று வைத்தாலும், கீழே இருப்பதைவிட 11, 12 டிகிரி குறைவு. அதனால் ஸ்வெட்டரை டிக்கியில் பூட்டி வைக்காதீர்கள், கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். பர்லியாரில் நிறுத்தினோம், குன்னூரில் நிறுத்தினோம். வயதானவர்களும் குழந்தையும் இருந்தால் ஒரே மூச்சில் ஏறக் கூடாது. காது அடைக்கும், வாந்தி வரும். பாப்பாவுக்கு வயிறு முட்டச் சாப்பாடு கொடுக்காமல் இரண்டு இட்லியோடு கூட்டிப் போனோம், ஒரு தொந்தரவும் இல்லை.

சரி, உறைபனிக்கு வருவோம். முந்தின நாள் சாயங்காலமே வானத்தைப் பார்த்துவிடுங்கள். மேகம் இருந்தால் அது போர்வையாக நின்று தரையின் சூட்டை வெளியே விடாது, அன்றைக்கு உறைபனி வருவது கஷ்டம். மேகமும் காற்றும் இல்லாமல் நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தால் நம்பி அலாரம் வைக்கலாம். தரை தன் சூட்டையெல்லாம் ராத்திரியோடு வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது, அது பள்ளத்தில் இறங்கித் தேங்கும். அதனால்தான் மேட்டைவிடப் பள்ளத்துப் புல்வெளியில் உறைபனி நன்றாகப் பிடிக்கிறது. தெர்மாமீட்டர் 2 டிகிரி காட்டும்போதே புல் உறைந்திருக்கும். அது அளப்பது ஆள் உயரத்துக் காற்றை, புல்நுனி அதைவிடக் குளிர்ந்திருக்கும்.

நாங்கள் போனது தலைகுந்தா, கூடலூர் சாலையில். பொழுது விடியும்போதே போய்விட்டோம். புல்வெளி முழுக்க வெள்ளை. நிறுத்தியிருந்த பைக் சீட்டிலும் வெள்ளை. அம்மா கையால் ஒரு புல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, யாரோ உப்பைக் கொட்டி வெச்ச மாதிரியில்ல இருக்குது!" என்றார். பாப்பா விரலால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் பட்டதும் புல்லிலிருந்து ஆவி கிளம்புகிறது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை திரும்புகிறது. அம்மா முகத்தில் இருந்த சந்தோஷத்துக்காகவே அந்தக் குளிரில் எழுந்து போகலாம்.

அங்கே விவசாயம் பார்க்கிறவர்களுக்கு இது வேறு விஷயம். உறைபனி பிடித்த தேயிலைக் கொழுந்தில் வெயில் பட்டால் கருகிவிடும். தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்கிற செடியைப் போட்டு மூடி வைத்துக் காப்பாற்றுகிறார்கள். காய்கறித் தோட்டத்துக்குள் புகுந்து போட்டோ எடுக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. தயவுசெய்து ரோட்டு ஓரப் புல்வெளியோடு நின்றுவிடுங்கள்.

வண்டிக் கண்ணாடியில் பனி உறைந்திருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். ஒரு பழைய பிளாஸ்டிக் கார்டால் சுரண்டினாலே வந்துவிடும். உள்பக்கம் மூச்சுக்காற்றால் மங்கினால் ஏசியைப் போட்டு, சூடான காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். ஏசி ஈரத்தை எடுத்துவிடும்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். குளிர் தாங்கவில்லை என்று கரி அடுப்பையோ தணலையோ மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கம்பளி இன்னொன்று கேட்டு வாங்குங்கள்.

இறங்கும்போது தம்பி ஓட்டினான். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடாகிப் பிடிக்காமல் போகும். ஏறி வருகிற வண்டிக்கு நின்று வழி விடுங்கள்.

வயதானவர்களைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டால், தாராளமாகக் கூட்டிப் போங்கள் என்பேன். ஆஸ்துமா, இதய நோய் இருந்தால் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். காதை மூடி, காலுறை போட்டு, காருக்குள் உட்காரவைத்து, வெளிச்சம் வந்ததும் பத்து நிமிடம் வெளியே இறக்கினால் போதும். பிப்ரவரி பாதிக்கு மேல் உறைபனி குறைந்துவிடும். போவதாக இருந்தால் தை மாதத்திலேயே, அதுவும் வார நாளாகப் பார்த்துக் கிளம்பிவிடுங்கள்.