பத்தாவது இலக்கம்

(மதுரையில் ஆசிரியர்கள் கூட்டம் ஒன்றில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். மின்விசிறிச் சத்தத்தில் என் குரல் கேட்காவிட்டால் கையைத் தூக்குங்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால், மதுரை ஜங்ஷனில் குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பதினோரு வயது இருக்கும். ஒரு மணி நேரத்தில் மூன்று பெயர் சொன்னான். நான்கு இட்லி வாங்கிக் கொடுத்தோம். இரண்டைத் தின்றுவிட்டு, மீதியை இலையோடு மடித்து வைத்துக்கொண்டான். “ராத்திரிக்கு” என்றான். எங்கே போகிறாய்? அத்தை வீட்டுக்கு. அது எங்கே? தெரியாது. சட்டைக் காலரைத் திருப்பிக் காட்டினான். உள்பக்கம் பேனாவில் எழுதிய போன் நம்பர். ஒன்பது இலக்கம் தெளிவு. பத்தாவது வேர்வையில் கலைந்திருந்தது.

“பய பொய் சொல்றான் சார்” என்றார் பக்கத்தில் இருந்தவர். பொய்தான். நிஜப் பெயரைச் சொன்னால் அடுத்த வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவோம் என்று அவனுக்குத் தெரியும். முழங்கையில் சூடு வைத்த தழும்பு இருந்தது.

2014 நிதியாண்டில் அமெரிக்காவின் தெற்கு எல்லையில் துணைக்கு ஆளில்லாமல் வந்து பிடிபட்ட பிள்ளைகள் 68,000க்கும் மேல். ஹோண்டுராஸ், குவாதமாலா, எல் சால்வடார் பிள்ளைகள்தான் அதிகம். பலர் கும்பல்களுக்குப் பயந்து கிளம்பியவர்கள். அவர்கள் சட்டையிலும் பெல்ட்டிலும்கூட இப்படித்தான் நம்பர் எழுதியிருந்தது. எல்லையில் அடைத்துவைத்த குளிர் அறைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘ஐஸ்பெட்டி’.

அவ்வளவு தூரம் போவானேன்? 1983க்குப் பிறகு தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் படகேறியவர்கள் கதை ஆனையூர் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்திருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, அந்த நம்பருக்கு வருகிறேன். பூஜ்யத்தில் தொடங்கி ஒவ்வொரு இலக்கமாகப் போட்டுப் பார்த்தோம். ஆறாவது தடவை அத்தை எடுத்தார். ரொம்ப நாள் இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அப்புறம்தான் உறைத்தது: எடுத்தவர் சூடு வைத்த ஆளாக இருந்திருந்தால்?

2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி, இப்படிக் கிடைக்கும் பிள்ளையை, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். வீடு பத்திரமா என்று விசாரித்து முடிவெடுப்பது அவர்கள். “பெத்தவங்க தேடுவாங்கல்ல” என்று நாமே பஸ் ஏற்றிவிடுவது உதவி ஆகாது. உங்கள் பள்ளியிலும் திங்கட்கிழமை காணாமல் போகிற பையன் இருப்பான். ‘இடைநிற்றல்’ என்று எழுதுவதற்கு முன்னால் அவன் கையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

கூப்பிட வேண்டிய குழந்தைகள் உதவி எண் 1098. காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள். பின்வரிசையில் கேட்டதா? பத்து, ஒன்பது, எட்டு.