முன்வாசல் விளக்கு

நேயர்களுக்கு வணக்கம். ஓய்வுபெற்றவர்களின் இலையுதிர் காலத்தைப் பற்றிப் பேச வாருங்கள் என்று இந்த நிலையத்தார் கேட்டபோது, "அதில் பேச என்ன இருக்கிறது? இலை விழும், நாங்கள் கூட்டி அள்ளுவோம்" என்றேன். பக்கத்தில் இருந்த மனைவி, "கூட்டுவது யார்?" என்று கேட்டார். ஆகவே முதலிலேயே ஒரு திருத்தம். இலை விழும், நான் அள்ளுவேன், அவர் ஜன்னலில் நின்று விடுபட்ட இடங்களைக் காட்டுவார்.

கனடாவின் டொரொன்டோ நகரில், ஸ்காபரோவில் எங்கள் வளவில் மரம் கிடையாது. மேப்பிள் மரம் பக்கத்து வீட்டுக்காரருடையது, இலை எங்களுடையது. பகல் குறையக் குறைய இலையின் பச்சையம் சிதைகிறது, அதுவரை அதற்குள் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் அந்த நாட்களில்தான் புதிதாக உண்டாகிறது. ஊரில் விஞ்ஞானம் படிப்பித்தவன், இங்கே தொழிற்சாலையில் பெட்டி அடுக்கியவன், இந்த விளக்கத்தைக் குப்பைவாரியோடு நின்று யாருக்காவது சொல்லாமல் இருக்க முடிவதில்லை. கேட்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஊரில் மாசி, பங்குனியில் வேம்பு இலை கொட்டும். அதைக் காலையில் கூட்டி ஒரு மூலையில் கொளுத்தினால் வேலை முடிந்தது. இங்கே காகிதப் பைகளில் அமுக்கிக் கட்டி வீதியோரம் வைக்க வேண்டும். மழைக்கு முன் வைத்தால் பையின் அடி கழன்றுவிடும். இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

இலையை விடப் பெரிய கவலை எங்கள் வீட்டில் கறிவேப்பிலைச் செடி. இரவுக் குளிர் பத்துப் பாகைக்குக் கீழே போகத் தொடங்கினால் அது உள்ளே வந்தாக வேண்டும். மற்றவர்கள் காலநிலை அறிக்கையைக் கோட்டுக்கும் குடைக்கும் பார்க்கிறார்கள், என் மனைவி செடிக்காகப் பார்க்கிறார். ஒருநாள் மாலை "இஞ்சாருங்கோ" என்று குரல் வரும். அந்தக் குரலில் ஒரு பாரம் இருக்கும், நான் எழுந்து கையுறை போட்டுக்கொள்வேன். குளியலறையில் வைத்து, இலைகளின் அடிப்பக்கத்தைச் சவர்க்கார நீரால் கழுவி, பூச்சி பார்த்து, தெற்கு ஜன்னலடியில் குடியேற்றுவோம். அது என் நாற்காலி இருந்த இடம். மாசி வரை செடி இலையைக் கொட்டிக்கொண்டு, சாகவா வேண்டாமா என்று நிற்கும். தண்ணீரை அதிகம் ஊற்றினால் வேர் அழுகிவிடும். பிள்ளைகள் காய்ச்சலில் படுத்தபோதுகூட இத்தனை தடவை எழுந்து பார்த்தோமோ தெரியாது.

சூடாக்கியை முதன்முதலில் போடும் நாளின் கருகிய தூசி மணம், இருபது பாகையா இருபத்திரண்டா என்ற எங்கள் வருடாந்தப் போர், இவையெல்லாம் உங்கள் வீடுகளிலும் உள்ளவைதான். அவற்றை விட்டு, பிள்ளைகள் வேடமிட்டு வீடுவீடாக இனிப்புக் கேட்டு வரும் ஹலோவீனுக்கு வருகிறேன்.

நான் கனடாவுக்கு வந்தது 1988இல். ஒக்டோபர் கடைசி நாள், அடுக்குமாடியில் கதவு தட்டப்பட்டது. தட்டப்படும் கதவுக்குப் பயந்து நாடு விட்டு வந்தவர்கள் நாங்கள், உடனே திறக்கவில்லை. துவாரத்தால் பார்த்தால் ஒரு குட்டி மண்டையோடு. திறந்தேன். கழுத்தில் செம்மஞ்சள் நிறக் காகிதப் பெட்டி தொங்கியது. கோயில் உண்டியல் மாதிரி ஏதோ என்று இருபத்தைந்து சதம் போட்டேன். அது யூனிசெஃப் என்ற ஐ.நா. சிறுவர் அமைப்புக்குக் காசு சேர்க்கும் பெட்டி என்பது பிறகுதான் தெரிந்தது. 1955இல் கனடாவில் தொடங்கிய அந்தப் பெட்டிகளை 2006இல் நிறுத்திவிட்டார்கள். மண்டையோடு நகரவில்லை, தலையணை உறையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றது. வீட்டில் இருந்தது மாரி பிஸ்கட் மட்டும். இரண்டு போட்டேன். அந்தப் பிள்ளையின் தாய் அதை என்ன செய்திருப்பார் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, உறையில்லாத தீனியை இங்கே குப்பையில்தான் போடுவார்கள்.

அடுத்த சில வருடங்கள் நாங்கள் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருந்தோம். முன்வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், எரியாவிட்டால் வரவேண்டாம் என்பது இந்த ஊரின் எழுதாத சட்டம். இருட்டில் குசுகுசுத்துக்கொண்டு, பேய் பிசாசு எங்களுக்கு எதற்கு என்று ஒரு நியாயமும் வைத்திருந்தோம். மகள் பாடசாலைக்குப் போன வருடமே அந்த நியாயம் உடைந்தது. இளவரசியாகப் போக வேண்டுமென்று அழுதாள். போனாள், இளவரசி உடைக்கு மேல் குளிர்கோட்டு. அன்றைய படத்தில் கிரீடத்தைத் தவிர அரச குடும்பத்துக்கான அடையாளம் ஒன்றும் இல்லை.

இந்த நாள் வெறும் கடைக்காரர் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் குளிர்காலம் தொடங்கும் தறுவாயில் இறந்தவர்கள் உலவுவார்கள் என்ற பழைய நம்பிக்கை. அங்கே நூல்கோல் போன்ற கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள், அமெரிக்கக் கண்டத்துக்கு வந்தவர்களுக்குக் குடைவதற்கு இலகுவான பூசணி கிடைத்தது. மறுநாள் நவம்பர் 1 சகல புனிதர்களின் திருநாள், அதற்கடுத்த நாள் இறந்தவர்களுக்கானது. யாழ்ப்பாணத்தில் சேமக்காலையில் மெழுகுதிரி கொளுத்துவார்களே, அதே நாள்தான். எங்கள் பக்கத்து வீட்டு கத்தோலிக்கக் குடும்பத்தோடு சிறு வயதில் நானும் போயிருக்கிறேன். கல்லறை எங்கும் சுடர்கள், பயம் கொஞ்சமும் வந்ததில்லை.

இதைச் சொல்லித்தான் ஹலோவீனுக்கு வாசலை அலங்கரிக்க மனைவியிடம் அனுமதி வாங்கினேன். எலும்புக்கூடு மட்டும் வாசலில் கூடாது, நல்ல நாள் பெரிய நாளில் அபசகுனம் என்றார். பூசணிக்கு மறுப்பில்லை. புதுவீட்டு வாசலில் கண்ணூறுக்கு நீத்துப்பூசணியில் முகம் வரைந்து கட்டியவர்கள் நாங்கள்தானே! வைக்கோல் அடைத்த பொம்மையைப் பார்த்து, "இது எங்கள் தோட்டத்து வெருளி" என்று அதையும் அனுமதித்தார். குடைந்தெடுத்த சதையைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தார். வெறும் தண்ணீர்ச் சுவை. குடைவதற்கென வளர்த்த பூசணி கறிக்கு உதவாது, வாங்கும்போது சின்னதாகப் பார்த்து வாங்குங்கள்.

2024இல் தீபாவளியும் ஹலோவீனும் ஒரே நாளில், ஒக்டோபர் 31 வியாழக்கிழமை வந்தன. கோட்டுத் தேவைப்படாத அதிசயச் சூடு. வாசலில் ஒரு பக்கம் குத்துவிளக்கு, மறுபக்கம் பல்லிளிக்கும் பூசணி. மனைவி பட்டுச்சேலையில் முறுக்குத் தட்டோடு நின்றார். நான் சின்னச் சொக்லேட்டுகள் நிரம்பிய வாளியோடு நின்றேன். "இஞ்சாரும், தெரியாத பிள்ளைகளுக்கு முறுக்குக் கொடுக்க வேண்டாம்" என்று சொல்லி வைத்திருந்தேன். ஆறு மணிக்குச் சூரியன் போனதும் வரத் தொடங்கினார்கள். இரண்டு டைனோசர், ஒரு தீயணைப்பு வீரர், என்னவென்று நான் கேட்டும் விளங்காத ஒரு பெட்டி. பிறகு ஓர் எலும்புக்கூடு படியேறி வந்து, முகமூடியை உயர்த்தி, "தீபாவளி வாழ்த்துகள் அம்மம்மா" என்றது. மூன்றாம் வீட்டுப் பையன். அபசகுனம் என்ற சொல்லை மனைவி அன்று எங்கோ தொலைத்துவிட்டார். எலும்புக்கூட்டுக்குக் கைநிறைய முறுக்கு.

அந்தத் தெருவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறோம். அந்தப் பையனின் தாயோடு அன்றுதான் முதன்முதலில் ஐந்து நிமிடம் நின்று பேசினோம். அவருக்கும் கறிவேப்பிலைச் செடி இருக்கிறது, ஒவ்வொரு மாசியிலும் இலை கொட்டுகிறது. எங்கள் மகள் கல்கரியில், பேரப்பிள்ளைகள் படத்தில். மற்ற நாட்களில் எங்கள் கதவைத் தட்டுவது பொதி கொண்டுவருபவர் மட்டுமே, அவரும் நாங்கள் திறப்பதற்குள் வாகனத்தில் ஏறிவிடுகிறார். தமிழ் வீடுகள் பல அன்றைக்கு இருட்டாகக் கிடப்பதைப் பார்க்கும்போது, உள்ளே எங்களைப் போல இருவர் குசுகுசுத்துக்கொண்டிருப்பார்களோ என்று நினைப்பேன். முழங்கால் வலிக்கும் என்றால் வாசலில் நாற்காலி போட்டு இருங்கள். கச்சான் கலந்த இனிப்பு வேண்டாம், ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் வருவார்கள்.

எட்டு மணிக்கு விளக்கை அணைத்தோம். மனைவி நாட்காட்டியில் பென்சிலால் கோடு போட்டு எண்ணியிருந்தார், 47 பிள்ளைகள். காலையில் பூசணியின் மூக்கை அணில் தின்றிருந்தது. நவம்பர் 3 ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளினோம், ஐந்து மணிக்கே இருட்டு. இருவருக்கும் நீரிழிவு என்பதால் மிஞ்சிய சொக்லேட்டுகளை அவர் எண்ணி, அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்தார். அவர் எண்ணியபோது இருபத்தாறு. பிறகு எத்தனையாக இருந்தது என்பதை, அவரும் இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருப்பதால், இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

வணக்கம்.