நரம்பை இறுக்கினால் பந்து பறக்குமா? பலர் தலைகீழாக நம்பும் டென்னிஸ் மட்டை ரகசியம்!

ஒருவர் தன் டென்னிஸ் மட்டையின் நரம்பை ஏறத்தாழ 80 பவுண்டு இழுவிசையில் இறுக்கிக் கட்டி ஆடினார். இன்னொருவர் 30 பவுண்டுக்கும் குறைவாகத் தொளதொளவென்று கட்டி ஆடுகிறார். முதலாமவர் 1976 முதல் 1980 வரை விம்பிள்டனைத் தொடர்ந்து ஐந்து முறை வென்ற பியோன் போர்க். இரண்டாமவர் உலகத் தரவரிசையில் முதல் 20 இடங்களுக்குள் வந்த பிரான்சு வீரர் அட்ரியன் மன்னாரினோ. யாருடைய நரம்பு பந்துக்கு அதிக வேகம் கொடுக்கும்? போர்க் என்று கை தூக்கியவர்கள் தயவுசெய்து இறக்கிவிடுங்கள்.

அதற்கு முன் எடையை விரைவாக முடித்துவிடுவோம். பெரியவர்களுக்கான மட்டைகள் பெரும்பாலும் 250 முதல் 340 கிராம் வரை இருக்கும். கனமானது எதிராளியின் பலத்த அடிக்கு அசைந்து கொடுக்காது. லேசானது சட்டென்று திரும்பும். அவ்வளவுதான்.

ஆனால் அந்த கிராம் கணக்கை மட்டும் பார்த்து மட்டை வாங்காதீர்கள். எடை எவ்வளவு என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதுதான் கைக்குத் தெரியும். வீசும்போது உணரும் கனம், கையிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 5 கிராம் ஈயப்பட்டையை மட்டையின் உச்சியில் ஒட்டிப் பாருங்கள், நன்றாகத் தெரியும். அதையே பாதித் தூரத்தில், கழுத்துப் பக்கம் ஒட்டினால் விளைவு கால் பங்குதான். கைப்பிடியில் ஒட்டினால் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அதனால்தான் 320 கிராம் மட்டை ஒன்று, எடை பிடிப்பக்கம் குவிந்திருந்தால், தலை கனத்த 280 கிராம் மட்டையைவிடச் சுலபமாகச் சுழலக்கூடும். வலைக்கு அருகே நின்று ஆடுபவர்கள் தலை லேசான மட்டையை விரும்புவது இதற்காகத்தான்.

இப்போது நரம்புக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டென்னிஸ் பந்து ஒரு பெரிய ஊதாரி. விதிப்படி 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கெட்டியான தரையில் போட்டால், சுமார் 135 முதல் 147 சென்டிமீட்டர் வரைதான் எழும்ப வேண்டும். அதாவது நசுங்கி நிமிர்வதற்குள் ஆற்றலில் பாதியை நெருங்கும் அளவு தொலைத்துவிடுகிறது. நரம்பு அப்படியல்ல, வாங்கிய ஆற்றலில் 90 சதவீதத்துக்கும் மேல் திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே நரம்பு தளர்ந்திருந்தால் அது அதிகம் வளையும், பந்து குறைவாக நசுங்கும், இழப்பும் குறையும், பந்து கூடுதல் வேகத்தில் பறக்கும். இறுக்கிக் கட்டினால் நசுங்கும் வேலை முழுவதும் அந்த ஊதாரியின் தலையில்!

சரி, போர்க் ஏன் அப்படி இறுக்கினார்? தளர்ந்த நரம்பில் பந்து சற்று அதிக நேரம் தங்கும்; மொத்தமே 5 மில்லி விநாடி அளவுதான், அதற்குள் மட்டை திரும்பிக்கொண்டே இருப்பதால் பந்து உயரமாகவும் நீளமாகவும் போய்விடும். முழு வீச்சில் அடிப்பவருக்கு வேகம் கையிலேயே இருக்கிறது. அவருக்கு வேண்டியது பந்தைக் கோட்டுக்குள் வைப்பது. தவிர, போர்க்கின் மர மட்டைக்குத் தலை சிறியது. இன்றைய பெரிய தலை மட்டையோடு பவுண்டு கணக்கை நேராக ஒப்பிடுவது நியாயமில்லை.

உண்மையைச் சொன்னால், சில பவுண்டு மாற்றத்தில் வேகம் கூடுவது மிகக் கொஞ்சம்தான். முழங்கைதான் அதை முதலில் கவனிக்கும். வலி இருந்தால், வேறு எதையும் மாற்றுவதற்கு முன் நரம்பைத் தளர்த்திப் பாருங்கள். இன்னொன்று, கட்டிய நாளிலிருந்தே நரம்பு தானாகத் தளரத் தொடங்கும். பாலியெஸ்டர் என்றால் இன்னும் வேகமாக. உங்கள் மட்டைக்குக் கடைசியாக எப்போது நரம்பு மாற்றினீர்கள்? வெட்கப்படாமல் கமெண்டில் எழுதுங்கள்.