மாட்டுக்குள்ளே ஒரு மந்தை

(மன்னவனூரில் பால் உற்பத்தியாளர்கள் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பனிமூட்டத்திலும் கொடைக்கானலிலிருந்து நேரத்துக்கு வந்து சேர்ந்த கால்நடை மருத்துவர் அவர்களே, எனக்குச் சால்வை போர்த்திய பெரியவர்களே (இந்தக் காற்றில் அதை நான் இன்னும் கழற்றவில்லை), பூம்பாறையிலிருந்தும் கவுஞ்சியிலிருந்தும் கறவையை முடித்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

"ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும்" என்பார்கள். நான் பேச வந்தது மாட்டுக்குள் இருக்கும் மந்தையைப் பற்றி. அது என்ன செய்கிறது, எதனால் கெடுகிறது, அது உண்டாக்கும் மீத்தேனுக்கு என்ன வழி என்று மூன்று செய்திகள் வைத்திருக்கிறேன்.

புல்லின் நாரில் உள்ள செல்லுலோஸை அறுக்கும் நொதி பசுவின் உடலில் சுரப்பதில்லை. 100 லிட்டருக்கு மேல் கொள்ளும் அதன் இரைப்பையின் முதல் அறையான பெருவயிற்றில், காற்றில்லாத வெதுவெதுப்பில், ஒரு மில்லி லிட்டருக்கு 1,000 கோடிக்குக் குறையாத பாக்டீரியாக்களும், அவற்றோடு ஒருசெல் உயிரிகளும் பூஞ்சைகளும் குடியிருக்கின்றன; நான் சொன்ன மந்தை இதுதான். (அங்கே நீந்தித் திரிந்தவற்றுள் சில பூஞ்சையின் வித்துகள் என்று 1975-இல்தான் காலின் ஆர்ப்பின் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார்.) இவை நாரில் ஒட்டிக்கொண்டு அதை அரித்துப் புளிக்கவைக்கும்போது வரும் அமிலங்களே பசுவின் ஆற்றலில் பெரும்பங்கு. பசு படுத்து அசைபோடுவது, இந்த மந்தைக்குத் தீவனம் நறுக்கும் வேலைதான்.

இனி என் வீட்டுக் கதை. எங்கள் வீட்டுத் திருமணத்தன்று மிஞ்சிய சோற்றை, வீணாகக் கூடாதென்று, ஒரு அண்டா நிறைய எங்கள் செவலைக்கு வைத்தவன் நான்தான். மறுநாள் காலை அது அசைபோடவில்லை. வயிறு கல்லைப்போல இருந்தது. சாணம் தண்ணீராகப் போய்ப் புளித்த வாடை அடித்தது. பந்திக்கு வந்த உறவினர் ஒருவர் கண்ணேறு என்றார், இன்னொருவர் மிளகுக் கஷாயம் என்றார். மருத்துவர் வந்து, மாவுப்பொருள் ஒரேயடியாகப் போனதால் லாக்டிக் அமிலம் பெருகி நார் தின்னும் கூட்டம் மடிகிறது என்று சொல்லி, முதலில் சோடா உப்பைக் கரைத்துக் கொடுத்தார். அடுத்த நாள் பக்கத்து வீட்டுப் பசுவின் பெருவயிற்றிலிருந்து குழாய்வழி எடுத்த, மந்தை உயிரோடிருக்கும் பச்சை நீரை வடிகட்டிச் செவலைக்குள் செலுத்தினார். அந்த நாற்றத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் கொல்லைப்பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் செவலையின் தாடை அசைந்தது. பாடிக் கறக்கிற மாட்டுக்கு நான் பந்தி வைத்திருந்தேன்!

நம் மலையிலும் இதுவே நடக்கிறது. தோல் பதனிடும் பட்டைக்காக வந்த சீகை (வாட்டில்) மரமும், பைனும், தைல மரமும் புல்வெளியை விழுங்கிவிட்டன. சீகையின் துவர்ப்போ புரதத்தைக் கட்டிப்போட்டு, இந்த மந்தையின் வேலையையே மந்தமாக்கக்கூடியது. அசைபோடும் இனமான காட்டுமாடுகள் கொடைக்கானல் தெருவில் நிற்கின்றன. நாமோ விடுதியின் எச்சில் சோற்றை அவற்றின் முன் கொட்டுகிறோம். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கச் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்!

மீத்தேனைப் பற்றிச் சொல்வதற்குள் தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார்; அதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மேய்ச்சல் நிலத்தில் முளைக்கும் சீகைக் கன்றுகளைப் பிடுங்க அனுமதி கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேனா கொண்டுவராதவர்களுக்காக என் பையில் நான்கு வைத்திருக்கிறேன்.