தோட்டத்து வீடும் கிளுவை வேலியும்

(காங்கேயம் பக்கத்தில், பழுது பார்த்த எங்கள் தோட்டத்து வீட்டின் வாசலில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, வேலைக்கு நடுவே வந்திருக்கும் கால்நடை மருத்துவர் அய்யா அவர்களே, பிள்ளைகளை வெயிலில் வாடவிடாமல் அழைத்து வந்த தலைமையாசிரியை அம்மா அவர்களே, பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம். பந்தலுக்கு ஓலை கொடுத்த பங்காளிகளுக்குத் தனியாக நன்றி.

வீடு, கிணறு, காடு என்று மூன்றையும் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன்.

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பார்கள். பழைய வீட்டைப் பழுது பார்ப்பது அதைவிடப் பெரும்பாடு. இடையில் பூசிய சிமெண்டு ஈரத்தை உள்ளேயே அடைத்து, ஆசாரம் என்கிற கூடத்தின் சுவர் முழங்கால் உயரத்துக்குப் பொரிந்து கிடந்தது. செதுக்கி எடுத்துவிட்டு, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்தரைத்த சுண்ணாம்பைப் பூசினோம். இப்போது தொட்டுப் பாருங்கள்.

ஓடு பிரித்தபோது பரணில் ஒரு மூக்கணாங்கயிறு கிடைத்தது. அதன் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். 1950களில் கீழ்பவானி வாய்க்கால் வந்தபோது எங்கள் மேட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை, கிணறுதான் கதி. எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, விடியும் முன்பே காங்கேயம் எருதுகளைப் பூட்டிக் கவலை ஓட்டுவார், அதாவது கிணற்றுத் தண்ணீர் இறைப்பார். எருதுகள் வாரி என்கிற சரிவில் இறங்கினால் சால், தண்ணீர் மொள்ளுகிற பாத்திரம், மேலே வரும், பின்னால் நடந்து ஏறினால் கிணற்றுக்குள்ளே போகும். அப்புறம் மின் மோட்டார் வந்தது. மறுநாள் காலை கட்டுத்தறியில் அவிழ்த்துவிட்டதும் இரண்டும் நேராகப் போய் வாரியின் தலைமாட்டில் நின்றன. வலத்தது வலத்தில், இடத்தது இடத்தில். கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு நுகத்துக்குக் காத்து நின்றன! அப்பாரு ஒன்றும் பேசவில்லை. பூட்டிப் பத்துச் சால் இறைத்த பிறகே அவிழ்த்தார். தினமும் அப்படித்தான். கடைசியில் தீவனச் செலவு கட்டுப்படியாகாமல் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் விற்றார். மாட்டை விற்றாலும் கயிற்றை விற்கக் கூடாது. அதை மடியில் கட்டிக்கொண்டு நடந்தே வீடு வந்தாராம்.

அந்த எருதுகள் வளர்ந்தது கொறங்காடு என்கிற மேய்ச்சல் காட்டில். கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை வேலி, இதுதான் கொறங்காடு. ஒரு காட்டை மேய்த்துவிட்டுப் படலைச் சாத்தி, அடுத்த காட்டுக்கு ஓட்டினால்தான் மேய்ந்த புல் மறுபடி தலையெடுக்கும். அதற்கு வேலி வேண்டும். நாமோ பொக்லைன் விட்டுக் கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கல்கால் நட்டுக் கம்பி இழுக்கிறோம். கம்பியில் எந்தக் குருவி கூடு கட்டும்? காய்ந்த வேனிலிலும் உயிரோடு நிற்கிற வேலி, ஒரு மழைக்குத் துளிர்த்துவிடுகிற வேலி, அதைக் காசு கொடுத்து அழிக்கிறோமே! தலைவர் அய்யா, வண்டிப்பாதையை அகலப்படுத்தும்போது கிளுவையில் கை வைக்காதீர்கள் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். "வீட்டைக் கட்டிப்பார்" என்றவர்கள் வேலியையும் சேர்த்தே சொல்லியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

மாட்டுக் கொட்டகை ஓரமாக, வேலிக்கு நடுவதற்குக் கிளுவைப் போத்து, அதாவது குச்சி, வெட்டிக் கட்டுக்கட்டாக வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் போகும்போது ஆளுக்கு ஒரு கட்டு எடுத்துக்கொள்ளுங்கள். முள் குத்தாமலிருக்கச் சாக்கும் இருக்கிறது.