இலை கசக்குதா?

நேயர்களுக்கு வணக்கம். எங்கள் தாத்தா சாயல்குடிப் பக்கம் விஷக்கடி வைத்தியர். நடுச்சாமத்தில் யார் வந்து கதவைத் தட்டினாலும், முதலில் இரண்டு சிறியாநங்கை இலையைக் கையில் கொடுத்து, "மெல்லுப்பா, கசக்குதா?" என்பார். கசந்தால் விஷம் ஏறவில்லை, இனித்தால் ஏறிவிட்டது. இனித்தால் ஈஸ்வரமூலி வேரை மிளகோடு அரைத்துக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார்.

வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள், பொய்யில்லை. ஆனால் தாவரவியல் படித்த பிறகுதான் எனக்குக் காரணம் பிடிபட்டது. கடித்தது பாதி நேரம் சாரையாகவோ தண்ணீர்ப்பாம்பாகவோ இருந்திருக்கும். அல்லது கொம்பேறி மூக்கன்; சுடுகாட்டுப் புகை பார்க்கும் என்று அதன்மேல் பழி வேறு! அதற்கு விஷமே கிடையாது. நல்லபாம்புகூடச் சில சமயம் விஷத்தை இறக்காமல் கடித்துவிட்டுப் போகும்.

நம் கரையோர மணல்காட்டில், சீமைக்கருவேல் விறகு அள்ளும் இடத்தில் கிடப்பது சுருட்டை விரியன். ஒரு முழம்கூடத் தேறாது. உடம்பை உரசி ரம்பம் இழுப்பது போலச் சத்தம் கொடுக்கும். இதன் விஷம் ரத்தத்தை உறையவிடாது. நாக்கை ஒன்றும் செய்யாது. கரிமூட்டம் போடும் ஒருவருக்கு இலை கசந்தது, தாத்தா வீட்டுக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் ஈறிலிருந்து ரத்தம். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடித்தான் பிழைக்க வைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் 2 மில்லி ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது. பேரில் விரியன் இருந்தாலும், ரத்தத்தைத் தொடாத கட்டுவிரியனுக்கு இந்தச் சோதனை உதவாது. தரையில் படுத்திருப்பவரை அது கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். விடியும்போது வயிறு வலிக்கும், இமை சொருகும். அந்நேரம் வாயில் கஷாயம் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள்தான் போகும்.

மூலிகையெல்லாம் வெறும் புல் என்று நான் சொல்லவில்லை. நன்னாரி வேரிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள், ஆய்வக எலிகளில் விரியன் விஷத்தின் வேகத்தைக் குறைத்திருக்கிறது. நாம் குடிக்கும் நன்னாரி சர்பத் அந்த வேலையைச் செய்யாது. ஈஸ்வரமூலி வேறு விவகாரம். அதிலும் அதன் பங்காளி ஆடுதீண்டாப்பாளையிலும் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் தரும். கண்ணாடி விரியன் ஏற்கெனவே சிறுநீரகத்தில் கைவைத்திருக்கும், அதற்குமேல் இதையும் கொடுப்பதா? ஆடு தீண்டாது என்று பேர் வைத்தவர் விவரமானவர்.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை நான்குக்கும் ஒரே ஊசிமருந்து. குதிரைக்குச் சிறுகச் சிறுக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது. அதற்கு விஷம் கறந்து கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள், 1978-ல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். கடல்காரர்கள் கவனிக்க: வலையில் வரும் வலக்கடியன் என்ற கடல்பாம்புக்கு இந்த ஊசி கேட்காது. ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்; மூச்சையும் சிறுநீரகத்தையும் அங்கேதான் காப்பாற்ற முடியும். உடம்பெல்லாம் வலித்துச் சிறுநீர் கறுத்தால் துளியும் தாமதிக்காதீர்கள்.

எந்தப் பாம்பானாலும் கயிற்றால் இறுக்காதீர்கள், கீறாதீர்கள். கொலுசு, மோதிரத்தைக் கழற்றிவிட்டு, கடிபட்ட காலை ஒரு பனைமட்டையோடு சேர்த்து அசையாமல் லேசாகக் கட்டுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்தக் கரிமூட்டக்காரருக்குப் பிறகும் தாத்தா இலை கொடுப்பதை நிறுத்தவில்லை. ஆனால் கொடுக்கும்போதே, "போய் ஒரு வண்டியப் பிடிச்சிட்டு வாடா" என்று என்னை ரோட்டுக்கு விரட்டுவார். கசக்கிறதா என்று கேட்பதை மட்டும் விட்டுவிட்டார்.